காற்புள்ளி சரி, கட்டுரை எங்கே?

வான் டெர் கீர் முதலிய மூவர் 2000-ஆம் ஆண்டில் எழுதியதாக ஒரு கட்டுரை உண்டு. ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’ என்பது தலைப்பு. இதழின் பெயர், தொகுதி எண் 163, பக்கம் 51 முதல் 59 வரை என்று விவரமெல்லாம் கச்சிதமாக இருக்கும். ஏறத்தாழ நானூறு ஆய்வுக் கட்டுரைகள் இதைத் தங்கள் துணைநூற்பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஒரே ஒரு குறைதான். அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதவே இல்லை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பீட்டர் க்ரூனென்பெர்க் கண்ணில்தான் இது முதலில் பட்டது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் இந்தக் கதையை 2017-இல் விரிவாக எழுதினார். எல்செவியர் பதிப்பகம் கட்டுரையாளர்களுக்குத் தரும் மாதிரிப் படிவத்தில், மேற்கோளை எப்படி அமைப்பது என்று காட்டுவதற்காகப் போட்டிருந்த கற்பனை வரி அது. படிவத்துக்குள் தங்கள் கட்டுரையை ஒட்டியவர்கள், மாதிரி வரியை அழிக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை கருத்தரங்கக் கட்டுரைகள். மதிப்புரையாளரும் பதிப்பாசிரியரும் கூட அதைத் தாண்டிப் போனார்கள். வரியின் அமைப்பில் ஒரு பிழையும் இல்லையே!

ஆய்வு மாணவர்கள் மேற்கோள் விஷயத்தில் படும் பாட்டை இந்தக் கதை சொல்லிவிடுகிறது. காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். அந்த வரி காட்டும் இடத்தில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லாமல் போகிறது.

ஒரே கட்டுரை, இரண்டு வடிவம்

டி.என்.ஏ.யின் அமைப்பை உலகுக்குச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நேச்சர் இதழில் 1953 ஏப்ரல் 25 அன்று வெளியானது. துணைத்தலைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், உளவியல், கல்வியியல் துறைகளில் புழங்கும் ஏ.பி.ஏ. முறையில் அது இப்படி அமையும்:

வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு. நேச்சர், 171(4356), 737–738.

மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் முறையில் அதுவே இப்படி மாறும்:

வாட்சன் ஜேடி, கிரிக் எஃப்எச்சி. நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு. நேச்சர். 1953;171(4356):737-8.

தலைப்பெழுத்துகளுக்கு இடையே இருந்த புள்ளிகள் போய்விட்டன. ஆண்டு, இதழின் பெயருக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது. 738 என்ற கடைசிப் பக்கம் வெறும் 8 ஆகிவிட்டது. கட்டுரைக்கு உள்ளேயும் வேறுபாடு உண்டு. ஏ.பி.ஏ.யில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். வான்கூவரில் ஓர் எண் மட்டும். யார், எப்போது சொன்னது என்பதை வாசகர் அங்கேயே அறிந்துகொள்ளட்டும் என்பது முதல் முறையின் நோக்கம். வாசிப்பு தடைபடக் கூடாது, இடமும் மிச்சமாக வேண்டும் என்பது இரண்டாவதன் நோக்கம்.

இந்த விதிகளுக்கு வயதும் வரலாறும் உண்டு. ஹார்வர்டில் பணியாற்றிய விலங்கியலாளர் எட்வர்ட் மார்க், ஓடில்லா நத்தையைப் பற்றி 1881-இல் எழுதிய கட்டுரையில் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். இன்றைய ‘ஹார்வர்டு முறை’யின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். ஏ.பி.ஏ. விதிகள் 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாக வந்தன. 2019-இல் வெளியான ஏழாம் பதிப்பு 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது. கனடாவின் வான்கூவர் நகரில் 1978-இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடியதே, இதழுக்கு இதழ் வேறு விதி என்ற தொல்லையைக் குறைக்கத்தான். தொல்லை இன்னும் தீர்ந்தபாடில்லை.

அப்பாவுக்குப் போகும் பெருமை

தமிழ்நாட்டு ஆய்வாளருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. முருகேசனின் மகள் கயல்விழி என்று ஓர் ஆய்வாளரை வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பட்டியலில் ‘கயல்விழி, மு.’ என்று எழுதிவிடலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘கயல்விழி முருகேசன்’ என்று வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘முருகேசன், கே.’ என்று போட்டுவிடுவார்கள். மகளின் ஆய்வு அப்பா பெயரில் மேற்கோளாகும். அடுத்த கட்டுரையை ‘எம். கயல்விழி’ என்று அனுப்பினால், தரவுத்தளத்தில் அவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

இதற்கு வழி, முதல் கட்டுரையிலேயே பெயரை ஒரே வடிவத்தில் முடிவுசெய்து, கடைசிவரை அதை மாற்றாமல் இருப்பது. கூடவே ‘ஆர்கிட்’ எண்ணையும் வாங்கிவிட வேண்டும். 2012-இல் தொடங்கிய இந்தப் பதினாறு இலக்க அடையாளம் ஆய்வாளர்களுக்கு இலவசம். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் எண் உங்களுடையதுதான்.

மென்பொருள் செய்யும், செய்யாது

காற்புள்ளி வேலையைக் கையால் செய்ய இன்று அவசியமே இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த ‘சோட்டெரோ’ இலவச மென்பொருள். பத்தாயிரத்துக்கும் அதிகமான இதழ் வடிவங்கள் அதற்குக் கிடைக்கின்றன. ஏ.பி.ஏ.யிலிருந்து வான்கூவருக்கு மாற, பட்டியலில் வடிவத்தை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும். ‘மெண்டலி’யும் இந்த வேலையைச் செய்யும். முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவமானாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்களும் இப்போது ஏராளம். இதழின் கட்டுரையாளர் குறிப்பை முதலிலேயே படித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

ஆனால் மென்பொருள், இணையத்தில் கிடைத்த விவரத்தை அப்படியே எடுத்துவரும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரலாம். பக்க எண் விடுபடலாம். ஆசிரியரின் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருக்கலாம். இறக்கிய கையோடு சரிபார்க்காவிட்டால், ஒரே தவறு நீங்கள் எழுதும் அத்தனை கட்டுரையிலும் தொடரும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆபத்து இன்னும் கூடிவிட்டது. கேட்டதும் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் சேர்த்து, உலகில் இல்லாத கட்டுரையைக்கூட உண்மைபோல் எழுதித் தந்துவிடும். நியூயார்க்கில் 2023-இல், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்ட வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வான் டெர் கீர் கட்டுரை ஒரே பொய் நானூறு இடத்தில் இருந்ததால் பிடிபட்டது. இயந்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப் பொய்யைத் தருவதால், அதை அப்படிப் பிடிக்க முடியாது.

உண்மையான கட்டுரையிலும் ஒரு கண் வேண்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு லான்செட் இதழில் 1998-இல் வந்த கட்டுரை, 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் சோட்டெரோ 2019 முதல் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு நகராதீர்கள்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான, 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் இருந்தால், அதைச் சொடுக்கிக் கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். திறந்த கட்டுரை, நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள். உள்ளே சுட்டியவை எல்லாம் பட்டியலில் உண்டா, பட்டியலில் உள்ளவை எல்லாம் உள்ளே உண்டா என்று ஒப்பிடுங்கள். காற்புள்ளி தவறினால் இதழ் அலுவலகம் திருத்திக்கொள்ளும். இல்லாத கட்டுரைக்கு உங்களைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை. படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.