மருந்துப் பையைத் திறந்து பார்ப்போம்

சில வாரங்களுக்கு முன், முதிய அம்மையார் ஒருவர் விடியற்காலையில் மயங்கிய நிலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபின் கண் விழித்தார். மகள் கையோடு எடுத்துவந்த துணிப்பையை மேசைமீது கொட்டியபோதுதான் காரணம் விளங்கிற்று. கிளிமிபிரைடு என்னும் ஒரே மருந்து, இரு நிறுவனங்களின் இரு வேறு பெயர்களில், இரண்டு அட்டைகளாக இருந்தது. ஒன்று அவருடைய ஊர் மருத்துவர் எழுதியது. மற்றொன்று நாங்கள் எழுதியது. இரண்டையும் அவர் வேளை தவறாமல் உட்கொண்டிருக்கிறார். இவ்வகை மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, ஏறியபின்னும் மீண்டும் தாழக்கூடும் என்பதால், அவரை உள்நோயாளியாக வைத்துக் கண்காணிக்க நேர்ந்தது.

வேறு மருந்து ஏதும் உண்கிறீர்களா என்று நாங்கள் முன்பே கேட்டிருந்தோம். “ஏதோ சர்க்கரை மாத்திரை” என்றார். அதற்குமேல் நாங்கள் துருவிக் கேட்கவில்லை. பிழை எங்களுடையது.

மருத்துவமனையில் விரயம் என்றால் எரியும் விளக்கையும் வீணாகும் பஞ்சையுமே பலர் நினைக்கின்றனர். அவற்றைவிடப் பெரியது, ஒருமுறை செய்ததை அறியாமல் மறுமுறை செய்வது. எச்பிஏ1சி என்னும் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. மூன்று வாரத்திற்குள் அதை மீண்டும் எடுப்பதால் பெரும்பாலும் புதிதாக எதுவும் தெரியாது. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், அதன் பலன் இரத்தத்தில் முழுமையாகத் தெரிய ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். சி.டி. ஸ்கேன் படம் வீட்டு அலமாரியில் இருக்க, இங்கே மறுபடியும் எடுக்க நேர்ந்தால் செலவோடு கதிர்வீச்சும் கூடுகிறது. ஆனால் எல்லா மறுபரிசோதனையும் வீண் என்று கொள்ளலாகாது. நெஞ்சுவலியோடு வந்தவருக்குச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுப்பது, மாரடைப்பைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே. ஐயம் இருப்பின், எதற்காக மீண்டும் என்று எங்களைக் கேளுங்கள்; கேட்பதை நாங்கள் குறையாக எண்ணமாட்டோம்.

மருந்தின் பெயர்க் குழப்பத்திற்கு ஓர் எளிய வழி உண்டு. 1994-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மூலப்பெயரிலேயே வாங்குகிறது. கடையில் வாங்கும் அட்டையிலும் வணிகப் பெயருடன் மூலப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். மாத்திரையின் நிறத்தையோ வடிவத்தையோ அன்று. அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதி நாளும் உள்ள பகுதியைக் கடைசிவரை விட்டுவையுங்கள். பெயரற்ற நான்கு மாத்திரைத் துண்டுகள் எங்கள் மருந்தாளுநருக்கும் புதிரே.

இனி வெளிநோயாளர் பிரிவில், மருத்துவரைக் காணும் முன், மருந்தாளுநர் ஒருவர் உங்கள் பையைத் திறந்து பார்த்து, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மூலப்பெயரில் ஒரே தாளில் எழுதித் தருவார். சித்த மருந்து, சூரணம், பக்கத்து வீட்டார் தந்த வலி மாத்திரை எதையும் மறைக்க வேண்டியதில்லை. இதனால் உங்கள் காத்திருப்பு சில நிமிடம் நீளும்; பொறுத்தருள்க. அந்தத் தாளின் ஒரு படியை உங்கள் ஊர் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

அந்த அம்மையாரின் மகள் தாளை மடித்து, பையின் உட்புறத்தில் ஊக்கால் குத்தி வைத்திருக்கிறார்.