ரெகொபெயாம் அவையும் செவியறிவுறூஉத் துறையும்

சூழ்ச்சி என்னும் சொல் இன்று வஞ்சகம் என்னும் பொருளில் வழங்கினும், பண்டைத் தமிழில் அஃது ஆராய்ந்து எண்ணுதலையே குறித்தது. வேந்தனுக்குச் சூழ்ச்சித் துணையாவார் யாவர், அவர் சொல் அவனை எத்துணையளவு இயக்கவல்லது என்னும் வினாக்களுக்கு விவிலியத்தின் முதலாம் இராசாக்கள் நூல், பன்னிரண்டாம் அதிகாரம், சிறந்ததொரு களமாகும். அதனைப் புறநானூற்று 184ஆம் பாட்டோடு ஒருங்கு வைத்து நோக்கல் வேண்டும். இரண்டும் குடிகள்மேல் ஏற்றும் சுமையைப் பற்றியன. அதனினும் மிகுதியாக மன்னனைச் சூழ்ந்திருப்போரைப் பற்றியன.

சாலொமோன் இறந்தபின், கி.மு. 930ஐ ஒட்டி, அவன் மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேமுக்குச் செல்கின்றான். தந்தை ஏற்றிய நுகத்தைத் தளர்த்துமாறு குடிகள் வேண்டுகின்றனர். அந்நுகம் வெறும் உவமையன்று. 30,000 பேர், திங்களுக்குப் பதினாயிரவராக முறைவைத்து, லீபனோனுக்குக் கட்டாய ஊழியத்திற்கு அனுப்பப்பெற்றனர் என அந்நூலே கூறும். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' எனப்படுவதை இதனோடு ஒப்பிடலாம். மன்னன் மூன்று நாள் தவணை கேட்கின்றான். தந்தையின் அவையில் நின்ற முதியோர் இன்சொல் கூறிக் குடிகளுக்குப் பணிக என்கின்றனர். உடன்வளர்ந்தோர் நுகத்தை மிகுவிக்க என்கின்றனர். பின்னையதே அவனுக்கு ஏற்றதாயிற்று. நாடு இரண்டாயிற்று.

இதனை முதுமைக்கும் இளமைக்கும் நேர்ந்த முரணாகக் காண்பதே பொதுவழக்கு. அது பொருந்துமாறில்லை. அரசேறியபோது ரெகொபெயாமின் அகவை 41 என அதே நூலின் பதினான்காம் அதிகாரம் கூறுகின்றது. உடன்வளர்ந்தோரும் ஏறத்தாழ அவ்வகவையினரே ஆதல் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களை 'வாலிபர்' என்னும். எபிரேய மூலச்சொல்லோ சிறுவர் என்னும் பொருளது. நாற்பதைக் கடந்தாரைச் சிறுவர் என்றது அகவையை நோக்கியன்று, எள்ளலை நோக்கியே எனலாம்.

மேலும் இரு நுண்மைகள் உள. முதியோரிடம் மறுமொழிக்கு வழி கேட்கும் மன்னன், உடன்வளர்ந்தோரிடம் 'நாம்' என்ன மறுமொழி கூறுவோம் என உளப்பாட்டுப் பன்மையில் வினவுகின்றான். முன்னையோர் அவனுக்கு வெளியே நிற்பவர். பின்னையோர் அவனுள் அடங்கியவர். மற்றொன்று: அவன் முதியோர் சொல்லைத் தள்ளிய செய்தியை முதற்கண் கூறி, அதன் பின்னரே மற்றையோரைக் கேட்டமையை நூல் கூறுகின்றது. துணிவு முந்தியது, சூழ்ச்சி பிந்தியது. ஆதலின் இளையோர் அவனைக் கெடுத்தனர் என்பதினும், அவன் விரும்பிய சொல்லை அவர்கள் வாயிற் கேட்டான் என்பதே தகும். எனினும் அவர்கள் சொல்லியதனைத்தையும் அவன் அவையிற் கூறிற்றிலன். சாட்டையும் தேளும் இடம்பெற்றன. தன் சுண்டுவிரல் தந்தையின் இடுப்பினும் பருத்தது என்னும் இழிசொல்லை விட்டுவிட்டான். அந்த அளவிற்கு அவனுக்கும் அறிவு இருந்தது.

இனிப் புறப்பாட்டு. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்று பிசிராந்தையார் பாடியது அது. நெல்லை அறுத்துக் கவளமாக்கி அளித்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே புகுந்தால் வாய் உண்பதினும் கால் அழிப்பது மிகும். போடிநாயக்கனூர், ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் வேளாண்மை செய்வார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. உரையாசிரியர் பலரும் யானையின்மேல் வைத்த நோக்கைப் பாட்டின் பிற்பகுதியில் வைப்பதில்லை. அங்கே புலவர், தகுதியறியாது இரையும் சுற்றத்தோடு கூடிய வலியற்ற மன்னனைக் காட்டுகின்றார். யானையின் கால்கள் அச்சுற்றமே என்று கொள்ளுதற்கு இடமுண்டு. வாய் ஒன்று, கால்கள் பல.

இப்பாட்டின் துறை செவியறிவுறூஉ. பெரியோர் நடுவே செருக்கின்றி அடங்கியிருத்தல் கடன் எனச் செவியில் அறிவுறுத்தலையே அத்துறையாகத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுக்கின்றது. சீகேமில் முதியோர் செய்ததும் அதுவே. தமிழ் மரபு அதனை ஒரு பாடல்துறையாகவே வகுத்து, அரசனை இடித்துரைக்கும் உரிமையைப் புலவனுக்கு வழங்கிற்று. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலை அடுத்துச் சிற்றினஞ்சேராமையை வைத்தமையும் இவ்விரு குழுவை நோக்கியதே. அவர் மூப்பை அறிவோடு சேர்த்தே கூறினார். பரிமேலழகரும் சிற்றினத்தை விளக்குமிடத்து விடரையும் தூர்த்தரையும் சுட்டுவரேயன்றி இளையரைச் சுட்டார்.

ஒரு தடை எழலாம். மன்னன் குடிகளுக்குச் செவிசாயாமை இறைவன் செயல், முன்னுரைத்த வாக்கு நிறைவேறுதற்பொருட்டு நிகழ்ந்தது என்று விவிலிய ஆசிரியரே கூறுகின்றாரே, பின் சூழ்ச்சித் துணையாரின் ஆற்றல் யாது? சிலப்பதிகாரத்திலும் இதே முடிச்சு உண்டு. பொற்கொல்லன் சொல் ஒன்றையே கேட்டுப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆணையிட்டவிடத்து, வினை விளைந்த காலம் என்கின்றார் இளங்கோவடிகள். ஆயினும் பொற்கொல்லன் பொய்யை அவர் மறைத்திலர்; மன்னன் ஆராயாமையையும் மறைத்திலர். ஊழ் கூறப்படினும் மாந்தர் பொறுப்பு நீங்குவதில்லை என்பதில் இருநூலும் ஒக்கும்.

வேறுபாடு அதன் பின்னரே. பிழை தெளிந்த நெடுஞ்செழியன் அரசுகட்டிலிலேயே உயிர் நீத்தான். ரெகொபெயாமோ, சினந்திருந்த குடிகளிடம் கட்டாய ஊழியத் தலைவனாகிய அதோராமையே அனுப்பினான். அவனைக் கல்லெறிந்து கொன்றனர். மன்னன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான். எஞ்சிய சிறு நாட்டைப் பதினேழு ஆண்டு ஆண்டான். அதோராமை அனுப்புமாறு அவனுக்கு எவரும் கூறியதாக நூலில் இல்லை.