வலிக்காத நோய்... வேண்டாம் அலட்சியம்!

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்! ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடுமே!"

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகும் தாய்மார்கள் இப்படிச் சொல்வது சகஜம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்தப் பதில்தான் வசதி. ஆரம்பத்தில் அது வலிக்காது, காய்ச்சலும் வராது.

இதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். இந்த உண்மையைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவினால் தொற்றும் இந்தக் கிருமி பெரும்பாலோருக்கு என்றாவது வரக்கூடியதுதான். யாருடைய நடத்தையையும் சந்தேகிக்க வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும்.

மற்றவர்களிடம் எப்படித் தங்குகிறது? அது இரத்தத்தில் கலப்பதில்லை, செல்லை உடைப்பதுமில்லை. அதனால் உடம்பின் காவல் படைக்குத் தகவலே போவதில்லை. 'உள்ளே அந்நியன்' என்று செல் வெளியே காட்டும் அடையாளத்தையும் அதன் இ5 புரதம் மறைத்துவிடுகிறது.

பட்டாசு ஆலையில் தப்பு கண்டால் வேலையை நிறுத்தும் போர்மேனைப் போல, செல்லுக்குள் பி53 என்ற காவலாளி உண்டு. இ6 புரதம் அவனை ஒழித்துக் கட்டுகிறது. இ7 புரதமோ, செல் பெருகாமல் பிடிக்கும் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. பிறகென்ன, கட்டுமீறிய பெருக்கம்தான்! ஆனாலும் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷம் ஆகும். அந்த அவகாசம்தான் நமக்கு வரம்.

மதுரைக்கு அப்பால் திண்டுக்கல் மாவட்டத்தில், 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்சுகள் ஒரு சோதனை செய்தார்கள். நீர்த்த அசிடிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்றதை, கர்ப்பப்பை வாயில் தடவினால் கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளிவந்தது.

30 வயதைத் தாண்டிய சகோதரிகளே, அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். உறவுக்குப் பின் உதிரம், மாதவிடாய் நின்ற பிறகு உதிரம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 9 முதல் 14 வயது மகளுக்குத் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் விசாரியுங்கள். ஊசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் சோதனை அவசியம்.

தனியாகப் போகக் கூச்சமா? கூட வேலை பார்க்கும் அக்காவையும் அழைத்துப் போங்களேன். இரண்டு பேருக்கும் சோதனை ஆச்சு!