எரிகிற வீட்டில் ஒரு மர அம்பு

2008 செப்டம்பர் 29, திங்கட்கிழமை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நியூயார்க் பங்குச் சந்தை சரியத் தொடங்கிவிட்டது. வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் கேட்டு வந்த மசோதாவுக்கு ஆதரவு 205, எதிர்ப்பு 228. அன்றைய வர்த்தகம் முடிந்தபோது டவ் ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் இறங்கியிருந்தது. அதுவரை ஒரே நாளில் அவ்வளவு புள்ளிகள் விழுந்ததே இல்லை.

அதே வாரம் வெள்ளிக்கிழமை, அதே சபை அதே தொகைக்குச் சம்மதித்தது. இம்முறை ஆதரவு 263, எதிர்ப்பு 171. ஜனாதிபதி புஷ் சில மணி நேரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். நடுவில் மசோதா பருத்திருந்தது. நிதியமைச்சர் ஹென்றி பால்சன் முதன்முதலில் அனுப்பிய வரைவு மூன்றே பக்கம். கடைசியில் நிறைவேறியதோ 451 பக்கம். அதைப் புரட்டிய நிருபர்களின் கண்ணில் பட்டது 503-ஆம் பிரிவு. சிறுவர்கள் விளையாடும் மர அம்புகளுக்குக் கலால் வரி விலக்கு!

உலகப் பொருளாதாரம் மூழ்குகிறது என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தில் அம்புக்கு என்ன வேலை? கேள்வி நாடு முழுக்க எழுந்தது. கூடவே ஒரு பட்டியலும் சுற்ற ஆரம்பித்தது. கார் பந்தய மைதான உரிமையாளர்களுக்கு 10 கோடி டாலர். ரம் வரியின் பேரில் போர்ட்டோ ரீக்கோவுக்கும் விர்ஜின் தீவுகளுக்கும் 19.2 கோடி. கம்பளித் தொழிலுக்கு 14.8 கோடி. சினிமா, தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களுக்கு 47.8 கோடி. வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் சாவியை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டு நின்ற குடும்பங்களுக்கு இந்தப் பட்டியலைப் படித்தால் எப்படி இருந்திருக்கும்? எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்பார்களே, அதேதான் அவர்களுக்கும் தோன்றியது.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது போய் விழுந்த இடம் சரிதானா என்பதில் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் சந்தேகம் கூடுகிறது.

அம்பிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவில் வேட்டைக் கருவிகள் மீது ஒரு கலால் வரி உண்டு. 1937-இல் வந்த சட்டம் அது. வசூலாகும் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வில்லும் அம்பும் பின்னாளில் இதற்குள் வந்தன. 2004-இல் அம்பு வரியை ஒரு தண்டுக்கு 39 சென்ட் என்று ஒரே அளவாக நிர்ணயித்தார்கள். விலை உயர்ந்த வேட்டை அம்புக்கும் 39 சென்ட். பயிற்சி முகாமில் பத்து வயதுப் பையன் எய்யும், முப்பது சென்ட் அளவில் விற்கிற மர அம்புக்கும் 39 சென்ட். பொருளைவிட வரி பெரிது. இத்தனைக்கும் சிறுவர்களின் லேசான வில்லுக்கு வரியே கிடையாது, அம்புக்கு மட்டும் இருந்தது. ஆரிகன் மாநிலத்தில் மிர்ட்டில் பாயிண்ட் என்ற சிற்றூரில் ரோஸ் சிட்டி ஆர்ச்சரி என்ற நிறுவனம் தேவதாரு அம்புகள் செய்துவந்தது. அதன் முறையீட்டைத்தான் அந்த மாநிலத்தின் இரு செனட்டர்கள், ரான் வைடனும் கார்டன் ஸ்மித்தும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கொண்டுபோனார்கள். பத்து ஆண்டுகளில் அரசுக்கு இழப்பு சுமார் 20 லட்சம் டாலர். எழுபதாயிரம் கோடியில் அது மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. பழைய சட்டத்தில் விழுந்த ஒரு கோணலை நிமிர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியலில் அலாஸ்கா மீனவர்களும் இருந்தார்கள். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரின்ஸ் வில்லியம் நீரிணையில் பாறையில் மோதி, கடல் கறுத்துப் போனது. மீன்பிடி அழிந்தது. வழக்கு பத்தொன்பது ஆண்டுகள் இழுத்தது. 2008 ஜூனில் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் விதித்த 250 கோடி டாலர் தண்டத் தொகையை 50.75 கோடியாக வெட்டிவிட்டது. இருபது வருட நஷ்டத்துக்கான ஈடு ஒரே ஆண்டின் வருமானமாகக் கணக்கில் ஏறினால், வரியும் உச்ச விகிதத்தில் விழும். அதைச் சில ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கிட அனுமதித்ததுதான் மீனவர்களுக்குக் கிடைத்த ‘சலுகை’. அரசுக்கு 4.9 கோடி டாலர் இழப்பு என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் அதுவும் கொள்ளையாகத்தான் தெரியும்.

ரம் கதை நேர் எதிர். அந்தத் தீவுகளில் காய்ச்சும் ரம்முக்கு அமெரிக்காவில் வசூலாகும் கலால் வரியைத் தீவு அரசுகளுக்கே திருப்பித் தருவது பழைய ஏற்பாடு. ஏழைத் தீவுகள்; பள்ளிக்கும் சாலைக்கும் பணம் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 2008 ஜூனில் விர்ஜின் தீவுகள் அரசு டியாஜியோ என்ற பன்னாட்டு மது நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. கேப்டன் மார்கன் ரம் தயாரிப்பைப் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து செயின்ட் குரோய் தீவுக்கு மாற்றினால், திரும்பி வருகிற வரிப்பணத்தில் பெரும் பங்கு நிறுவனத்துக்கே சலுகையாகப் போகும். ஒரு தீவின் வருமானத்தை இன்னொரு தீவு பிடுங்கிக்கொள்ள, நடுவில் நிற்கிற நிறுவனம் லாபம் பார்க்கிற ஏற்பாடு. உண்மையில் கோபப்பட வேண்டிய விஷயம் இது. பட்டியலோ ‘ரம்முக்கு 19.2 கோடி’ என்று நிறுத்திக்கொண்டது. சிரிப்பதற்கு அது போதும்.

இவையெல்லாம் உள்ளே வந்த வழியைப் பார்க்க வேண்டும். வாக்குக்கு விலையாக ஓர் இரவில் செருகப்பட்டவை என்றுதான் பலரும் நம்பினார்கள். நடந்தது வேறு. அமெரிக்க வரிச் சட்டத்தில் ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் சலுகைகள் டஜன் கணக்கில் உண்டு. நிரந்தரமாக்கினால் பத்தாண்டுச் செலவு பெரிதாகத் தெரியும். தற்காலிகம் என்றால் கணக்கு சின்னதாக இருக்கும். தவிர, ஒவ்வொரு முறை காலாவதியாகும்போதும் பயனாளிகள் தரகர்களையும் தேர்தல் நன்கொடையையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். இரண்டு கட்சிகளுக்குமே இந்த ஏற்பாடு பிடிக்கும்.

2007 முடிவில் காலாவதியான ஒரு மூட்டை 2008 முழுக்கத் தேங்கிக் கிடந்தது. வேறெங்காவது வருமானம் காட்டாமல் சலுகை தரக்கூடாது என்று ‘ப்ளூ டாக்’ எனப்பட்ட சிக்கனவாத ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பிரதிநிதிகள் சபையில் அடம்பிடித்தார்கள், செனட் மறுத்தது. செப்டம்பர் 23-ஆம் தேதி, அதாவது மீட்பு மசோதா தோற்பதற்கு ஆறு நாள் முன்பே, செனட் இந்த மூட்டையை 93-க்கு 2 என்று நிறைவேற்றி அனுப்பியது. கீழவையான பிரதிநிதிகள் சபை ஏற்கவில்லை. ஒரு வாரத்தில் சந்தை விழுந்ததும் செனட் தலைவர்களுக்கு வழி பிறந்தது. மீட்புத் தொகையையும் மூட்டையையும் ஒன்றாகக் கட்டிக் கீழே தள்ளிவிட்டார்கள். வேண்டுமென்றால் இரண்டையும் எடு, வேண்டாமென்றால் வங்கிகளைச் சாகவிட்ட பழியை ஏற்றுக்கொள்.

இதில் ஒரு விசித்திரம். வரி சம்பந்தப்பட்ட மசோதா கீழவையில்தான் பிறக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். அதனால் கீழவை ஏற்கெனவே நிறைவேற்றியிருந்த ஒரு மசோதாவைச் செனட் தேடி எடுத்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீட்டில் சம மதிப்பு தர வேண்டும் என்ற மசோதா அது. 2002-இல் விமான விபத்தில் இறந்த செனட்டர் பால் வெல்ஸ்டோனின் பெயரைத் தாங்கியது. பல வருடம் போராடியும் கரையேறாத நல்ல சட்டம். சபைக் குறிப்பேட்டின்படி பார்த்தால் அதுதான் வாகனம். எழுபதாயிரம் கோடிதான் அதன்மேல் ஏறிய ஒட்டுப் பயணி!

அம்பு விலக்கு லஞ்சம் என்றால் வாங்கியவர் ஆதரித்து வாக்களித்திருக்க வேண்டும். ரான் வைடன் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். சைக்கிளில் வேலைக்குப் போவோருக்கு மாதம் 20 டாலர் சலுகைக்காகப் பாடுபட்டவர் அதே ஆரிகனைச் சேர்ந்த பிரதிநிதி ஏர்ல் புளூமெனௌவர். அவரது ஷரத்தும் உள்ளே இருந்தது; அவரும் எதிர்த்தே வாக்களித்தார். மனம் மாறியவர்களைப் பெரும்பாலும் மாற்றியது சந்தைச் சரிவுதான் என்று நினைக்கிறேன். முதல் வாக்கெடுப்புக்கு முன் தொலைபேசியில் வந்தவர்கள் ‘வங்கிக்காரனுக்கு ஒரு காசு கொடுக்காதே’ என்று திட்டினார்கள். சபையின் இணையதளமே கூட்டம் தாங்காமல் திணறியது. ஓய்வுக்காலச் சேமிப்பு கண்முன்னே கரைந்த பிறகு வந்த அழைப்புகளில் ‘ஏதாவது செய்யுங்கள்’ என்ற குரலும் கலந்திருந்தது. வங்கி வைப்புக்கான அரசு உத்தரவாதத்தை ஒரு லட்சம் டாலரிலிருந்து இரண்டரை லட்சமாக உயர்த்தியதும் உதவியிருக்கும்.

பட்டியலைப் பார்த்துக் கோபப்படுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உதவியே வேண்டாம் என்பவர்களுக்கு அது வசதியான சாக்கு. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூஜெர்சி, நியூயார்க் கரைகளைச் சிதைத்தது. செனட் நிறைவேற்றிய 6,040 கோடி டாலர் நிவாரண மசோதாவில் அலாஸ்கா உள்ளிட்ட இடங்களின் மீன்வளத்துக்கு 15 கோடி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் கூரைகளைப் பழுதுபார்க்க 20 லட்சம் என்றெல்லாம் இருந்தன. புத்தாண்டு இரவில் சபாநாயகர் ஜான் போனர் வாக்கெடுப்பையே தள்ளிவைத்துவிட்டார். நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, சொந்தக் கட்சித் தலைவரை மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் வறுத்தெடுத்தார். பெரும் நிவாரணச் சட்டம் கையெழுத்தானது ஜனவரி 29-ஆம் தேதி. வீடு இழந்தவர்கள் மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

திரும்ப 2008-க்கு வருவோம். பால்சனின் மூன்று பக்க வரைவில் எட்டாவது பிரிவு ஒன்று இருந்தது. அமைச்சர் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றமும் எந்த அமைப்பும் கேள்வி கேட்க முடியாது என்றது அது. எழுபதாயிரம் கோடியோடு ஒப்பிட்டாலும் அதுதான் பெரிய கோரிக்கை என்பேன். காங்கிரஸ் அதை வெட்டி, கண்காணிப்பு ஏற்பாடுகளைச் சேர்த்தது. 451 பக்கத்தில் ஒரு பகுதி இந்தக் கடிவாளம்தான் என்பதைச் சலுகைப் பட்டியல் எழுதியவர்கள் சொல்லவில்லை. கடிவாளமும் போதவில்லை. வாராக் கடன் பத்திரங்களை வாங்கவே பணம் என்று சொல்லிச் சட்டம் வாங்கினார்கள். கையெழுத்தான பதினொன்றாம் நாள், 25,000 கோடி டாலரை வங்கிகளின் பங்கு மூலதனமாகவே போடப்போவதாக அறிவித்தார்கள். அதில் பாதி ஒன்பது பெரிய வங்கிகளுக்கு. நவம்பரில் பத்திரம் வாங்கும் திட்டத்தையே பால்சன் கைவிட்டார்.

மறுவருடம் வந்த பொருளாதாரத் தூண்டுதல் சட்டத்தில் நடந்தது இதைவிடப் பாடமானது. 2009 பிப்ரவரி 17-ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட, 78,700 கோடி டாலர் சட்டம். அரசுப் பணம் பெற்ற நிறுவனங்களின் உயர் அதிகாரிகளுக்கு போனஸ் கூடாது என்று அதில் ஒரு கட்டுப்பாடு. கடைசி நேரத்தில் அதோடு ஒரு வாசகம் சேர்ந்தது: பிப்ரவரி 11 வரை போட்ட ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது. மார்ச்சில், அரசிடம் 17,000 கோடி டாலருக்கு மேல் உதவி வாங்கியிருந்த ஏஐஜி காப்பீட்டு நிறுவனம், தன்னைக் கவிழ்த்த பிரிவின் ஊழியர்களுக்கே 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்த செய்தி வெளியானபோதுதான் அந்த வாசகத்தை நாடு படித்தது. முதலில் மறுத்த செனட்டர் கிறிஸ் டாட், மறுநாள், நிதித்துறை கேட்டதால் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டார். போனஸில் 90 சதவீதத்தை வரியாகப் பறிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 328-க்கு 93 என்று அவசர அவசரமாக நிறைவேற்றியது. செனட் அதைக் கிடப்பில் போட்டது.

அந்த ஒற்றை வாசகத்தில் டாலர் குறி இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, சிரிக்க எதுவும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அது வராது.

படிப்பதற்கு நேரம் கொடுத்திருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள். 2020 டிசம்பர் 21 அன்று அந்த நேரமும் இல்லை. 90,000 கோடி டாலர் கொரோனா நிவாரணத்தையும் 1.4 லட்சம் கோடி டாலர் ஆண்டு நிதி ஒதுக்கீட்டையும் ஒன்றாகத் தைத்து 5,593 பக்கம். பிற்பகலில் வெளியானது, நள்ளிரவுக்குள் இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. தலைக்கு 600 டாலர்தானா என்று மக்கள் கொந்தளித்தபோது, கம்போடியாவுக்கு 8.55 கோடி எதற்கு என்று டிரம்ப் காணொளியில் கேட்டார். அது கொரோனாப் பகுதியில் இல்லை. வழக்கமான ஆண்டு ஒதுக்கீட்டில் இருந்தது. கார் பந்தய மைதானங்களுக்கான சலுகை அந்த 5,593 பக்கத்துக்குள் இருந்தது. 2004-இல் பிறந்து, 2008-இல் வங்கிகளோடும் 2013 ஜனவரியில் வரி நெருக்கடிச் சட்டத்தோடும் உயிர் பிழைத்த அதே சலுகை, இம்முறை 2025 இறுதி வரை நீண்டது. காணொளியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மசோதாவை வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே உறுப்பினர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று 2019 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை தனக்குத்தானே விதி வகுத்துக்கொண்டிருந்தது. அவசரம் என்றால் அந்த விதியை விலக்கிவைக்கச் சபையில் ஒரு வாக்கெடுப்பு போதும். அன்றும் விலக்கினார்கள்.