கல்லறை இல்லாத காலாட்படை வீரர்கள்: பெயருக்குப் பதில் எண்ணிக்கை பொறிக்கப்பட்டது ஏன்?

பெங்களூரு: பெங்களூருவின் பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் சந்திக்கும் இடத்தில், போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே ஒரு கல்தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் உயிரிழந்த மெட்ராஸ் பயனியர் படையினரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. 1809-ஆம் ஆண்டு இந்நகரில் ராணுவக் கண்டோன்மென்ட் அமைந்தபின், படைகளுடன் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயே தங்கிவிட்டன. லிங்கராஜபுரம், அல்சூர், பிரேசர் டவுன் போன்ற பகுதிகளில் இன்றும் தமிழர்கள் திரளாக வாழ்கின்றனர். இத்தகைய குடும்பங்களில் போருக்குச் சென்று திரும்பாத ஒரு முன்னோர் இருந்திருக்கலாம். அவரது கல்லறை எங்கே என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதன்று.

டாங்காவில் நடந்தது என்ன?

1914 அக்டோபரில், ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட இந்தியப் படை பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. 27-ஆவது பெங்களூரு பிரிகேடும், அதில் அடங்கிய 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் அப்படையில் இருந்தன. இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தைக் கைப்பற்றுவது அதன் நோக்கம். எதிரே இருந்த ஜெர்மானியப் படையினர் ஏறத்தாழ 1,000 பேர் மட்டுமே. எனினும் நவம்பர் 3 முதல் 5 வரை நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பு தோற்றது. சுமார் 360 பேர் உயிரிழந்தனர். எஞ்சியோர் அவசரமாகக் கப்பலேறியதால், இறந்தவர்கள் அந்த மண்ணிலேயே விடப்பட்டனர்.

உடல்கள் ஏன் தாயகம் வரவில்லை?

போரில் இறந்தோரின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் அரசின் கொள்கை. 1917-இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறைகள் ஆணையம், பதவி, இனம், மதம் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவரும் பெயரால் நினைவுகூரப்படுவர் என உறுதியளித்தது.

ஐரோப்பாவில் இது பெருமளவு நிறைவேறியது. பிரான்சின் நவ் ஷபேல் நகரில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவுக்கு வெளியே நிலைமை வேறு. 1929-இல் திறக்கப்பட்ட ஈராக்கின் பஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டுமே குறிக்கப்பட்டது. ஒரே படையில் பணியாற்றிய இருவரில், பிரான்சில் இறந்தவருக்குப் பெயர் கிடைத்தது. ஈராக்கில் இறந்தவர் ஓர் எண்ணானார்.

ஒப்புக்கொள்ளப்பட்ட பிழை

2021 ஏப்ரலில் வெளியான சிறப்புக் குழு அறிக்கையில் இப்பாகுபாட்டை ஆணையமே ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் இந்தியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாக அது மதிப்பிட்டது. மேலும் குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சமாக 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடுபட்டிருக்கலாம் என்றும் கூறியது. இவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும் ஆவர். ஆணையமும் பிரிட்டிஷ் அரசும் மன்னிப்புக் கோரின.

குடும்பத்தினர் தேடுவது எப்படி?

தற்போது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என அழைக்கப்படும் இவ்வமைப்பின் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு, இறந்த ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு கட்டணமின்றித் தேடலாம். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருப்பதால், ஒரே பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்ப்பது அவசியம். பல பதிவுகளில் தந்தையின் பெயரும் சொந்த ஊரும் உள்ளதால், பெயர் ஒத்திருப்பவர்களிலிருந்து தம் முன்னோரை அடையாளம் காண இயலும். வீட்டிலுள்ள பழைய பதக்கத்தின் விளிம்பில் பெயரும் படை எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தால், தேடலை அதிலிருந்து தொடங்கலாம்.