பட்டாணி வழக்கு

சென்ற மாதம் என் தங்கையின் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, அவளுடைய மாமியார். பிரதிவாதி, குளிர்ப்பெட்டிக்குள் கூழாங்கல்லைப் போல் உறைந்து கிடந்த ஒரு பை பச்சைப் பட்டாணி. "நேற்று வைத்த குழம்பையே தொட யோசிக்கிறோம், எந்த மாதத்திலோ பறித்ததைக் குழந்தைகளுக்குப் போடலாமா?" என்பது வாதியின் கட்சி. என் தங்கையோ காலை எட்டு மணிக்குக் காரியாலயத்துக்குக் கிளம்பி, இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள். "உட்கார்ந்து உரிக்க எனக்கு ஏது நேரம், அத்தை?" என்று சொல்லிக் கண்கலங்கினாள். பட்டாணி குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. குழந்தைகள் அன்று ரசத்தையும் அப்பளத்தையும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்தார்கள். விசாரித்துச் சொல்வதாக வாய்தா வாங்கிக்கொண்டேன்.

விசாரித்ததில் முதலில் தெரிந்தது இது: செடியிலிருந்து பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள சத்தைத் தானே செலவழிக்கிறது. பட்டாணியின் தித்திப்பு பறித்த சில மணி நேரத்திலேயே மாவுப் பொருளாக மாறத் தொடங்குகிறது. வைட்டமின் 'சி' என்னும் ஜீவசத்தோ மிகவும் கோழை. வெப்பம், காற்று, வெளிச்சம் எதைக் கண்டாலும் ஓட்டம் பிடிக்கும். பசலை போன்ற கீரைகளைக் குளிரில் வைத்திருந்தால்கூட ஒரு வாரத்தில் அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே, மலையிலோ வடக்கிலோ பறித்து, லாரியில் பிரயாணம் செய்து, கடையில் இரண்டு நாள் தண்ணீர் தெளிக்கப்பட்டு நம் கைக்கு வரும் காயைப் 'புதியது' என்பது ஓரளவுக்கு மரியாதை வார்த்தைதான்.

உறைந்த பட்டாணியின் கதை வேறு. 1912-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் நரித்தோல் வியாபாரத்துக்காக லாப்ரடார் என்னும் பனிப் பிரதேசத்துக்குப் போனார். அங்கே உள்ளூர் மக்கள் பிடித்த மீன், கடுங்குளிர்க் காற்று பட்டவுடனேயே விறைத்துப் போவதையும், பல நாள் கழித்துச் சமைத்தாலும் அன்று பிடித்ததைப் போலவே ருசிப்பதையும் கண்டார். காரணம் எளியது. மெள்ள உறைந்தால் உள்ளே பெரிய பனிக்கட்டி ஊசிகள் உண்டாகித் தசையைக் கிழித்துவிடும். சட்டென்று உறைந்தால் ஊசிகள் மிகச் சிறியவையாக இருக்கும். ஊர் திரும்பிய பேர்ட்ஸை இதற்கு யந்திரம் செய்தார். 1930-இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. இன்று பட்டாணியைப் பறித்த சில மணி நேரத்துக்குள் வெந்நீரில் ஓரிரு நிமிஷம் அமிழ்த்தி, உடனே உறைய வைக்கிறார்கள். அந்த வெந்நீரில் சிறிது சத்துப் போவது உண்மை. ஆனால் அதற்குப் பின் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிக் குளிரில் நஷ்டம் மிக மெதுவாகவே நடக்கிறது. கடையில் வாடிய காயுடன் ஒப்பிட்டால் இது தாழ்ந்ததல்ல. பல சமயம் மேலானது.

டப்பாவில் அடைத்தவற்றுக்கு வயது அதிகம். நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர், கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து வேகவைத்துக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டு, 1810-இல் அரசாங்கத்திடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது! கிருமிகளின் கதையைப் பாஸ்டர் எடுத்துச் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. கடும் சூட்டில் 'சி' சத்தும் 'பி' சத்துக்களில் சிலவும் பெரிதும் குறைகின்றன. நாரும் தாதுக்களும் பெரும்பாலும் நிற்கின்றன. தக்காளியின் செந்நிறப் பொருளோ வெந்த பிறகுதான், அதுவும் சிறிது எண்ணெயுடன், உடம்பில் நன்றாகச் சேருகிறது. ஆனால் டப்பாக் காய்களில் உப்பும், பழங்களில் சர்க்கரைப் பாகும் ஏராளம். ரத்த அழுத்தமுள்ளவர்கள் அந்த உப்புநீரைக் கொட்டிவிட்டுக் காயை அலசிச் சமைப்பது நல்லது. உப்பிய டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அதில் கொல்லும் விஷமே இருக்கக்கூடும்.

குற்றவாளி ஒருவர் உண்டென்றால், அவர் நம் சமையலறையிலும் இருக்கிறார். கீரையைப் பொடியாக நறுக்கிய பிறகு அலசுவதும், காயை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்துக் கொட்டுவதும் எந்தத் தொழிற்சாலையில் நடக்கின்றன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பைச் சொன்னேன். மாமியாரின் கட்சி அவருடைய கிராமத்துக் கொல்லைக்கு முற்றும் பொருந்தும்: முருங்கைக் கீரையை ஒடித்த கால் மணியில் அது அடுப்பில் இருக்கும், அதற்கு ஈடு எதுவும் இல்லை. மூன்றாவது மாடி வீட்டுக்குக் கொல்லை ஏது? நாளொன்றுக்குக் கிழங்குகள் நீங்கலாகக் காயும் பழமும் 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அப்பளத்தோடு எழுந்த அந்த இரவில் குழந்தைகளின் கணக்கில் எத்தனை கிராம் சேர்ந்தது என்று கேட்டேன்.

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பட்டாணி இருந்துவிட்டுப் போகட்டும். கீரையை மட்டும் நான்தான் பார்த்து வாங்குவேன்" என்றார். என் தங்கை எழுந்து அவரிடம் கூடையை நீட்டினாள்.