கார் ஹெட்லைட்டுக்குள் ஆவி படியுதா? எது சாதாரணம், எது சிக்கல்?

மழையில் ஓட்டிய பிறகோ, வாட்டர் வாஷ் செய்த பிறகோ ஹெட்லைட்டுக்குள் பனி போல ஆவி படியும். உடனே லைட்டை மாற்றணுமா? வேண்டாம்.

ஏன் படிகிறது?

ஹெட்லைட் காற்றே புகாத பெட்டி அல்ல. பல்பு எரியும்போது உள்ளே காற்று விரியும், அணைத்ததும் சுருங்கும். அதற்காகவே சிறிய காற்றுத் துளைகள் வைத்திருப்பார்கள். அது வழியாக வரும் ஈரக்காற்றுதான் குளிர்ந்த லென்ஸில் படிகிறது. லைட் போட்டு ஓட்டினால் மெல்லக் கலைந்துவிடும்.

எப்போது சிக்கல்?

துளித்துளியாக வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோ கவனிக்கணும். விரிசல், விட்டுப்போன சீல், சரியாக மூடாத பின்பக்க ரப்பர் மூடி ஆகியவை காரணமாக இருக்கலாம். அப்படியே விட்டால் ரிஃப்ளெக்டர் பூச்சு கெட்டு, இரவில் சாலையே சரியாகத் தெரியாது.

அதிக வாட்ஸ் பல்பு போடலாமா?

60/55 வாட்ஸ் எச்4 பல்புக்கு பதில் 100/90 வாட்ஸ் போட்டால், ஹை பீமில் 12 வோல்ட் கணக்கில் 5 ஆம்பியர் மின்சாரம் 8 ஆம்பியரைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகலாம், ரிஃப்ளெக்டர் மங்கலாம்.

என்ன செய்யணும்?

* பல்பு மாற்றியதும் பின்மூடி இறுக்கமா இருக்கான்னு பாருங்க. எல்இடி பல்பு மாட்ட மூடியை வெட்டினால் ஈரம் நேராக உள்ளே போகும்.
* காற்றுத் துளையை சிலிக்கான் வைத்து அடைக்காதீங்க. உள்ளே போன ஈரம் வெளியே வராது.
* பிரஷர் வாஷரை லைட் ஓரங்களில் நெருக்கமாகப் பிடிக்க வேண்டாம்.
* கம்பெனி சொன்ன வாட்ஸ் பல்பையே போடுங்க.